பதினான்காம் கட்டிலின் அட்டெண்டர்

காலை ஆறே முக்கால் மணிக்கு மயிலக்காவுக்குக் கதவு திறக்கவில்லை. பணியாளர் வாசலில் அவருக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் சட்டையில் குத்தியிருந்த பொத்தானைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி கதவுக்கு நேராகக் காட்டினார். மறுபடியும் திறக்கவில்லை. பொத்தான் கறுப்பாகியிருந்தது.

பச்சை என்றால் உள்ளே போகலாம். மஞ்சள் என்றால் உங்கள் மூச்சில் ஃப்ளூ கிருமி இருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சல் வருவதற்கு ஒன்றரை நாள் முன்னாலேயே பொத்தான் அதை மோப்பம் பிடித்துவிடும், நீங்கள் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியதுதான். கறுப்பை நான் அதுவரை பயிற்சி வகுப்புப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். கறுப்பு என்றால், உங்களால் ஒரு நோயாளி செத்துப்போனார் என்று அர்த்தம்.

"சிஸ்டர், இது என்னங்க கருப்பாப் போச்சு? நேத்து மழையில நனைஞ்சுதுங்க. அதனால இருக்குமா?" என்று மயிலக்கா என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் காவலாளியின் திரையில் எழுத்து வந்துவிட்டது. இறந்தவர்: சென்னியப்பன், வயது 52, நான்காம் வார்டு, படுக்கை 14. மூலம்: அட்டெண்டர், மயிலாத்தாள்.

"சென்னியப்பனுங்களா? அந்த மில்லுக்காரரு? அவரை நான் தொட்டதே ரெண்டு தடவதானுங்க. ஆபரேசனுக்குத் தள்ளிட்டுப் போனப்ப ஒண்ணு. அப்பறம் கடைசியா, கீழ தள்ளிட்டுப் போனப்ப."

கீழே என்று அவர் சொன்னது பிணவறையை. பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். நேற்றுவரை அவர் சோறு கொண்டுவரும் தூக்குப்போசியில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள்தான்.

என் பெயர் அமலோற்பவ மேரி. கோவைக்கு வெளியே இருக்கும் அந்த மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் தொற்றுத் தடுப்புச் செவிலியராக இருந்தேன். கையைக் கழுவுங்கள், முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றுங்கள் என்று பெரிய டாக்டர்களையே விரட்டுகிற வேலை. இந்த வேலையில் இருக்கிறவளைக் கல்யாணத்துக்குக்கூட அரை மனதோடுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பொத்தான் வந்தபோது எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் காய்ச்சலோடு வரும் நர்ஸ் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு வார்டுக்குப் போவாள். கால் உடைந்து வந்தவர் ஃப்ளூவோடு வீட்டுக்குப் போவார், சிலர் போகவே மாட்டார்கள். பொத்தான் வந்த முதல் வருடம், வார்டில் ஃப்ளூ தொற்றியவர்கள் நூற்று நாற்பதிலிருந்து முப்பத்தொன்றாகக் குறைந்தார்கள். நான் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் என் கணவரிடம் காட்டினேன்.

அதற்குப் பிறகு சட்டம் வந்தது. மருத்துவமனைக்குள் ஃப்ளூ தொற்றி ஒரு நோயாளி இறந்தால், மூலம் யார் என்று இயந்திரம் கண்டுபிடித்து ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவருக்கு மாநிலத்தின் எந்த மருத்துவமனையிலும் இரண்டு வருடம் வேலைக்கதவு திறக்காது. முதல் வரைவில் தண்டனை மருத்துவமனைக்கு என்றுதான் இருந்ததாம். சட்டம் வெளியே வந்தபோது அது ஒரு ஆளுக்கு என்று ஆகிவிட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் ஊரில் அந்த ஆண்டி, வார்டில் மூத்திரக் குவளை எடுக்கிற மயிலக்கா.

அவரைக் காவலாளியின் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் கீழ்த்தளத்துக்கு ஓடினேன். பொத்தான்களின் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷமீலா பானு அங்கே இருந்தாள். முப்பத்து நான்கு வயது. எங்கள் மருத்துவமனையிலேயே பிறந்தவள் என்பதால் எனக்கு அவளைக் கண்ணு என்று கூப்பிட உரிமை உண்டு.

"கண்ணு, மயிலக்கா பொத்தான் ஒரு நாளாச்சும் மஞ்சளாச்சா?"

"இல்லீங்க சிஸ்டர். நாலு மாசமாப் பச்சைதான்."

"அப்பறம் எப்படி அவங்க பேரு வந்துச்சு?"

"செத்தவர் உடம்புல இருந்த கிருமிக்கு ஒரு ரேகை இருக்குமுங்க, நம்ம கைரேகையாட்டம். அதை ஸ்டாஃப் நானூத்திப் பத்துப் பேரு மூச்சோட ஒப்பிட்டுப் பாக்கும். யாரோடதும் ஒத்து வரலைன்னா, அந்த நாளுகள்ல அவர் பக்கத்துல யாரு ரொம்ப நேரம் இருந்தாங்கன்னு பாக்கும். அவங்க பொத்தானைக் கழட்டி வெச்சுட்டு வேலை செஞ்சிருக்காங்கன்னு முடிவு கட்டிரும்."

"யாரு பக்கத்துல இருந்தாங்கன்னு அதுக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். உங்க சிஸ்டருங்க எழுதற குறிப்பு எல்லாத்தையும் அது படிக்குதில்லீங்களா?"

அவள் பதினான்காம் கட்டிலின் குறிப்புகளைத் திறந்தாள். 8.10, அட்டெண்டர் இட்லி ஊட்டினார். 8.40, அட்டெண்டர் சளிக் குவளை பிடித்தார். 9.15, அட்டெண்டர் முதுகு தட்டிவிட்டார். 11.00, அட்டெண்டர் உடம்பு துடைத்தார். 1.05, அட்டெண்டர் கஞ்சி கொடுத்தார். பக்கம் பக்கமாக இப்படியே போயிற்று. ஒவ்வொரு ஷிஃப்டின் கடைசியிலும் ஒரே வரி: அட்டெண்டர் உடன் இருக்கிறார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நம் ஊரில் ஆஸ்பத்திரிப் படி ஏறிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சம்பளப் பட்டியலில் அட்டெண்டர் என்றால் வார்டு வேலைக்கு இருப்பவர், மயிலக்கா. வார்டுக்குள் அட்டெண்டர் என்றால் நோயாளியோடு வந்து இருப்பவர், பெண்டாட்டியோ அண்ணனோ மகளோ. "பதினாலுக்கு அட்டெண்டர் யாருங்க" என்று நர்ஸ் கதவருகே நின்று கூப்பிட்டால் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருகிறவர் அந்தப் பெண்டாட்டிதான். மருந்து வாங்க ஓடுகிறவரும், ரத்தத்துக்கு ஆள் தேடுகிறவரும், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக் கிடக்கிறவரும் அந்த அட்டெண்டர்தான். ஒரே வார்த்தையை இரண்டு பேருக்கு வைத்துக்கொண்டு நாங்கள் நாற்பது வருடமாகக் குழம்பாமல் இருந்தோம். இயந்திரத்துக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை.

"அதே 8.10க்கு மத்த கட்டிலையும் பாரு கண்ணு," என்றேன்.

8.10க்கு அட்டெண்டர் பத்தொன்பதாம் கட்டில்காரரைக் கழிவறைக்கு அழைத்துப் போயிருந்தார். இருபத்திரண்டில் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்திருந்தார். இருபத்தேழாம் கட்டிலுக்காகக் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். முப்பத்தொன்றில் ஒருவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

"எல்லாம் ஒரே நிமிசத்துல மயிலக்கா பண்ணுனதா?" என்று கேட்டேன்.

"இயந்திரம் அப்படித்தான் எடுத்துக்கிச்சு போல. அதனாலதாங்க சிஸ்டர் போன வருசம் அவங்களுக்குத் திறன்மிகு பணியாளர்னு மேடையில வெச்சு ஹாட்பாக்ஸ் குடுத்தாங்க." ஷமீலா சொல்லிக்கொண்டே வரும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. "அந்த வருசம்தானே நாலாவது வார்டுல மத்த மூணு பேரையும் நிறுத்துனாங்க. ஒரு அட்டெண்டரே இத்தனை வேலை பாக்கறப்ப நாலு பேரு எதுக்குன்னு இயந்திரம் கணக்குக் குடுத்துச்சு."

நான்கு பேர் ஒருவராகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. முப்பத்திரண்டு கட்டிலுக்கு ஒரு மயிலக்கா. மிச்சம் அத்தனையும் செய்தது முப்பத்திரண்டு வீட்டுப் பெண்களும் ஆண்களும். அவர்களுக்குப் பொத்தான் இல்லை, தடுப்பூசி இல்லை, படுக்க இடம் இல்லை. அவர்களுக்கும் ஃப்ளூ ஊசி போட வேண்டும் என்று நான் நான்கு முறை எழுதிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பணியாளர்கள் அல்ல என்று நான்கு முறையும் பதில் வந்தது. கீழே வரவேற்பறைச் சுவரில் சான்றிதழ் ஒன்று மாட்டியிருந்தது. அட்டெண்டர்களுக்குத் தடுப்பூசி, நூறு சதவீதம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தச் சோற்றை நானும் பன்னிரண்டு வருடம் பரிமாறியிருக்கிறேன்.

நிர்வாக அதிகாரி கனகசபாபதியிடம் போனேன். அவர் கெட்டவரில்லை, சூழ்நிலை அப்படி என்று சொல்லும் பெருந்தன்மை எனக்கு இல்லை. நான் சொன்னதை அவர் இரண்டே நிமிடத்தில் புரிந்துகொண்டார். அவ்வளவு வேகமாகப் புரிந்துகொள்கிற ஆள் இத்தனை வருடம் என்ன செய்தார் என்றுதான் கேட்கத் தோன்றியது.

"அப்ப மூலம் நம்ம ஆள் இல்ல. நல்லதாப் போச்சு சிஸ்டர்," என்றார். "அந்த வார்த்தையை ரெண்டாப் பிரிச்சிருங்க. பணியாளர் வேற, வெளியாள் வேற. தானா சென்னியப்பன் சம்சாரம் பேரு வந்துரும். மயிலாத்தா நாளைக்கே வேலைக்கு வரட்டும். நீங்க கேட்டு வந்தது அதுதானே?"

"அந்தம்மாவுக்கு நோட்டீஸ் போகுமே சார்."

"போகட்டும். அவங்க ஆஸ்பத்திரியிலயா வேலை பாக்கறாங்க? அந்தப் பட்டியல்ல பேரு இருந்தா அவங்களுக்கு என்னங்க நட்டம்?"

"புருசன் செத்து பத்து நாள் ஆகல. உங்க புருசனைக் கொன்ன கிருமி உங்ககிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு வீட்டுக்குக் காகிதம் அனுப்புவீங்களா?"

"உண்மை அதுதானே சிஸ்டர்? நாமளா எழுதறோம்? இயந்திரம் எழுதுது."

அவர் மேஜைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் மருத்துவமனை விதிகள் தொங்கின. முதல் விதி: அட்டெண்டர் உடன் இல்லாத நோயாளிக்கு அனுமதி இல்லை. அட்டெண்டர் எந்நேரமும் கட்டில் அருகில் இருக்க வேண்டும். நான் அதைக் கையால் காட்டினேன்.

"கட்டாயமா இருக்கணும்னு சொல்றதும் நாம. இருந்ததுனாலதான் செத்தாருன்னு சொல்றதும் நாம. அந்தம்மா வேற என்ன சார் பண்ணியிருக்கணும்?"

"சிஸ்டர், திருத்தம் ஒரே தடவைதான் போட முடியும். அதுவும் தொற்றுத் தடுப்புச் செவிலியர்தான் போடணும். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போட்டாத்தான் செல்லும். உணர்ச்சிவசப்படாம யோசிங்க," என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை எடுத்தார்.

நான் யோசித்தேன். திருத்தம் போடாவிட்டால் மயிலக்காவுக்கு இரண்டு வருடம் எங்கேயும் கதவு திறக்காது. ஐம்பத்து நான்கு வயதில் வேறு வேலைக்கு யார் எடுப்பார்கள்? போட்டால் அந்தப் பெண்ணின் பெயர் வரும். அவர் பெயர் வசந்தாமணி என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பதினோரு நாள் என் வார்டில் இருந்தவர் எனக்கு வெறும் பதினாலு அட்டெண்டர்.

மறுநாள் மதியம் ஷமீலாவோடு உட்கார்ந்து குறிப்புகளை முதலிலிருந்து படித்தேன். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் எப்போது வந்தது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடினோம். சென்னியப்பன் நூல் மில்லில் முப்பது வருடம் பஞ்சுத் தூசியைக் குடித்தவர். இதயத்தில் பைபாஸ் நன்றாக முடிந்து ஐந்தாம் நாளே எழுந்து நடந்திருந்தார். ஆறாம் நாள் காலையில் ஒரு வரி இருந்தது.

10.20, அட்டெண்டர் தனக்குக் காய்ச்சல், உடல்வலி எனச் சொன்னார். முகக்கவசம் அணிய அறிவுறுத்தப்பட்டது. அ.மே.

அ.மே. என்பது நான்.

ஷமீலா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. "சிஸ்டர், ஒடம்பு அனலாக் கொதிக்குதுங்க. ஒரு நா, ரெண்டு நா வேற யாராச்சும் பாத்துக்கிட்டாங்கன்னா நான் ஊட்டுக்குப் போயிட்டு வந்துருவனுங்க." வேறு ஆள் இல்லையாம்மா என்று கேட்டிருப்பேன். மகளை சூரத்தில் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். அட்டெண்டர் இல்லாமல் முடியாதும்மா என்று சொல்லி ஒரு முகக்கவசத்தைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறேன். இதையே ஒரு நர்ஸ் வந்து சொல்லியிருந்தால் அந்த நிமிடமே வீட்டுக்கு விரட்டியிருப்பேன், வாசல் வரை கூடவே போய். ஃப்ளூ எப்படிப் பரவும் என்று வருடத்துக்கு நாற்பது வகுப்பு எடுக்கிறவள் நான். அந்தப் பெண்ணை நான் ஒரு ஆளாகவே எண்ணவில்லை. அதுதான் நடந்தது.

"கண்ணு, ஸ்டாஃப் ஒருத்தர் காய்ச்சல்னு சொல்லியும் வேலையில வெச்சிருந்தா மூலம் யாரு?"

அவளுக்கு அந்தப் பிரிவு மனப்பாடம். பணியாளர் சங்கத்துக்காரர்கள் சட்டத்தில் போராடிச் சேர்த்தது அது ஒன்றுதான். "நோய் இருப்பதைத் தெரிவித்த பணியாளரை விடுவிக்கத் தவறினால், விடுவிக்கத் தவறியவரே மூலம்." சொல்லி முடித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "சிஸ்டர், வேண்டாம்ங்க."

"வாசல்ல குடுக்கற அட்டெண்டர் பாஸ்ல பேரு, ஊரு, உறவு எல்லாம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க. இன்னிக்குத் தேதிக்கு இருநூத்தி எண்பத்தி ஏழு பேரு."

"அந்த வார்த்தையைப் பிரிக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். அத்தனை பேரையும் அட்டெண்டர்னு பதிவு பண்ணு. வசந்தாமணியோட பதினோரு நாளையும் சேர்த்து."

"அது பொய்ப் பதிவு ஆயிராதுங்களா?"

"எது பொய்யி? இட்லி ஊட்டுனது யாரு? சளிக் குவளை புடிச்சது யாரு? முதுகு தட்டுனது யாரு? அட்டெண்டருன்னு நாமளேதான் பாஸ் அடிச்சுக் குடுத்தோம். அட்டெண்டருன்னு நாமளேதான் குறிப்பும் எழுதுனோம். பொய்யின்னா அதை நிறுத்தட்டும்."

அவள் எனக்காக ஒரு வழி தேடினாள், அதற்கு நான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன். அட்டெண்டர் கட்டாயம் என்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டுத்தான் நான் அந்தப் பெண்ணை அனுப்பவில்லை. ஆகவே மூலம் உத்தரவு போட்டவரைச் சேர வேண்டும் என்று இயந்திரத்துக்கு எழுதினாள். உத்தரவு போட்டவர் பெயர் என்ன என்று இயந்திரம் கேட்டது. சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தோம். அடியில் கையெழுத்து இல்லை, நிர்வாகம் என்று ஒரு முத்திரை மட்டும் இருந்தது. நிர்வாகம் என்று அடித்தாள். அந்தப் பெயரில் பொத்தான் எதுவும் வழங்கப்படவில்லை என்று பதில் வந்தது. கனகசபாபதி பெயரைப் போட்டாள். அவர் கையெழுத்திட்ட ஆவணம் தேவை என்றது. பத்து வருடத்தில் அந்த மனிதர் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

மணி நாலே முக்கால். "போடு கண்ணு," என்றேன்.

மறுநாள் காலையில் மயிலக்காவின் பொத்தான் பச்சையாகியிருந்தது. என்னுடையது கறுப்பு. நான் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேள்விப்பட்டதைத்தான் இனிச் சொல்கிறேன்.

இயந்திரம் பணியாளருக்குச் செய்கிற எல்லாவற்றையும் புதிய இருநூற்று எண்பத்தேழு அட்டெண்டர்களுக்கும் செய்யத் தொடங்கியிருந்தது. தடுப்பூசி போடாதவர்கள், இருநூற்று எண்பத்தேழு. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் பணியில் இருப்பவர்கள், இருநூற்று அறுபத்தொருவர். ஆறாம் கட்டிலில் கிடக்கும் பையனின் அம்மா, நாற்பத்து மூன்று நாள் தொடர் பணி. இவர்களை விடுவித்து மாற்று ஆள் போடும்வரை புதிய நோயாளிகளை அனுமதிக்கக் கூடாது என்று சேர்க்கைக் கதவைப் பூட்டிவிட்டது. அவசர சிகிச்சைக்கு மட்டும் திறந்தது. கனகசபாபதி ஷமீலாவிடம் கத்தினாராம். சட்டப்படிதான் சார் அது போகுது என்று அவள் சொன்னாளாம்.

மூன்று நாள் அப்படி நடந்தது. நிறுத்தப்பட்ட மூன்று வார்டு ஊழியர்களையும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வெளியிலிருந்து அறுபது பேரை அவசரமாக எடுத்தார்கள். அத்தனை உறவினர்களுக்கும் ஃப்ளூ ஊசி போட்டார்கள். ஆறாம் கட்டில் பையனின் அம்மா நாற்பத்து மூன்று நாளில் முதல்முறையாக வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்ததாக மயிலக்கா சொன்னார். அந்த மூன்று நாளும் எந்த வார்டிலும் யாருக்கும் ஃப்ளூ தொற்றவில்லை.

நான்காம் நாள் நிர்வாகத்துக்கு வழி கிடைத்துவிட்டது. அட்டெண்டர் பாஸ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதுச் சீட்டு கொடுத்தார்கள். இளஞ்சிவப்பு நிறம், மூலையில் ஒரு இதயம், நடுவில் அன்புத் துணை என்று கொட்டை எழுத்து. நர்ஸ்கள் குறிப்பிலும் இனி அப்படித்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு, வழக்கம்போலக் கையெழுத்து இல்லாமல். 8.10, அன்புத் துணை இட்லி ஊட்டினார். அந்த வார்த்தை இயந்திரத்துக்குத் தெரியாது. தெரியாத வார்த்தையை அது தாண்டிப் போய்விடும். சேர்க்கைக் கதவு திறந்தது. அன்பு என்ற சொல்லின் மேல் எனக்கு இத்தனை ஆத்திரம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

சென்னியப்பனின் பதிவில் மட்டும் ஏற்கெனவே அரசு முத்திரை விழுந்துவிட்டது. அதை அவர்களாலும் மாற்ற முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு முற்பகலில் வசந்தாமணி சுந்தராபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார். மயிலக்கா முகவரி கொடுத்திருந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றி வெறுமையாக இருந்தது. உட்காரச் சொன்னேன், நின்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கோணுங்க சிஸ்டர். மறைக்காமச் சொல்லோணும். அன்னிக்கு எனக்குக் காய்ச்சலு இருந்துச்சு. அந்தக் காய்ச்சலுதான் அவருக்கு ஒட்டிக்கிச்சுங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். பன்னிரண்டு வருடம் நோயாளிகளிடம் எத்தனையோ இல்லைகளைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் பெண்ணுக்குப் பொய்யும் சேர்த்துக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

"கிருமி உங்க மூச்சுலதாம்மா இருந்திருக்கும். ஆனா அவருகிட்ட அதைக் கொண்டுபோய்ச் சேத்தது நான்தான்," என்றேன். அலமாரியிலிருந்து, முத்திரை விழுந்து எனக்கு வந்திருந்த பதிவுத் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் தம்ளரை வைத்துவிட்டு எழுத்துக்கூட்டி விரலால் தடவித் தடவிப் படித்தார். இறந்தவர், சென்னியப்பன். பணியில் இருந்த அட்டெண்டர், வசந்தாமணி, நோயைத் தெரிவித்தார், விடுவிக்கப்படவில்லை. மூலம், அமலோற்பவ மேரி, தொற்றுத் தடுப்புச் செவிலியர். கீழே அரசு முத்திரை.

"நான் சொன்னனுங்களே," என்றார்.

"சொன்னீங்க."

"அன்னிக்கே என்னைப் போகச் சொல்லியிருந்தா அவரு இருந்திருப்பாருங்களா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இருந்திருக்கலாம்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தாளை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

"உங்களை மன்னிக்க எனக்கு மனசு வரலீங்க சிஸ்டர்."

"வேண்டாம்மா."

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சலுன்னு தெரிஞ்சதுல இருந்து எங்க கொழுந்தனாரு ஊட்டுல, நாத்தனாரு ஊட்டுல, ஒருத்தரும் எங்கையில தண்ணி வாங்கிக் குடிக்கறதில்லீங்க. சீக்கு புடிச்ச கையி, புருசனுக்குச் சோத்தோட சாவையும் சேத்து ஊட்டுன கையின்னு மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தனுங்க, இன்னிக்கு வரைக்கும்." தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "இதுல எனக்கு ஒரு காப்பி வேணுங்க."

"காப்பி எதுக்கும்மா? இதையே எடுத்துட்டுப் போங்க."

"உங்க பேரு போட்டது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. எனக்குக் காப்பி போதும்."

தெருமுனையில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு இருவரும் நடந்து போனோம். கடைக்காரர் தாளை வாங்கி இயந்திரத்தில் வைத்துவிட்டு, எத்தனை வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எங்க பங்காளி ஊடு மொத்தம் இருபத்தி மூணுங்க," என்றார் வசந்தாமணி. "இருபத்தி மூணு எடுங்க."

தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. என் பெயர் சரியாகத் தெரிகிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் அவர் அடுத்ததைக் கையில் வாங்கினார்.